கரண்ட் வந்ததும் நெட் போகிறதா? நெட்வொர்க் ஸ்விட்சை அணைக்காதீர்கள்

"கரண்ட் வந்துச்சு, நெட் போச்சு." தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நெட்வொர்க் வேலை பார்க்கிறவர்களுக்கு இது பழகிப்போன அழைப்பு. 2023இல் ஸ்டேஜ் 6 லோட் ஷெடிங் (முறைவைத்து வரும் கடுமையான மின்வெட்டு) நாட்களில் ஓயாமல் வந்தது. லோட் ஷெடிங் அடங்கிவிட்டாலும் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் பழுது என்று கரண்ட் போய்ப் போய்த்தான் வருகிறது. போன வாரம் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கணக்காளர் அலுவலகம். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லா ஸ்விட்சையும் (கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் பெட்டிகளை) அணைத்துப் போட்டுவிட்டு, "இப்ப சரியாயிடுச்சு தம்பி" என்று சிரிக்கிறார் முதலாளி.

சரியாகவில்லை ஐயா. நீங்கள் கை வைக்காமல் இருந்திருந்தால் அரை நிமிடத்தில் தானாகவே வந்திருக்கும். அடுத்த கரண்ட் கட்டில் மறுபடி போகும்.

அங்கே மூன்று ஸ்விட்ச். கீழ்த்தளத்திலும் மாடியிலும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஸ்விட்ச்கள், இரண்டும் யுபிஎஸ்ஸில். ஸ்டோர் ரூமில் ஒரு பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச், யுபிஎஸ் கிடையாது. மூன்றும் ஒன்றோடொன்று முக்கோணமாக இணைக்கப்பட்டிருந்தன. இப்படி இணைத்தால் தரவு சுற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க ஒரு வழியை அடைத்து வைப்பது ஸ்விட்சுக்குள் ஓடும் ஸ்பானிங் ட்ரீ. ஒரு ஸ்விட்சைத் தலைவராக, அதாவது ரூட் பிரிட்ஜாக, வைத்து அது வழிகளைக் கணக்குப் போடும். தலைவரைத் தீர்மானிக்கும் முன்னுரிமை எண்ணை (சிறியதே வெல்லும்) யாரும் தொடவில்லை, மூன்றிலும் 32768. எண் சமமாக இருந்தால் யாருடைய மேக் முகவரி (தயாரிக்கும்போதே பதித்த அடையாள எண்) சிறியதோ அதுவே ரூட் பிரிட்ஜ். பழைய பெட்டிக்குப் பெரும்பாலும் சிறிய முகவரிதான் இருக்கும். கோயில் கமிட்டியில் கூட்டத்துக்கே வராத பெரியவரை, மூத்தவர் என்பதற்காகத் தலைவராக்கி வைப்பதுபோல, ஸ்டோர் ரூம் ஸ்விட்ச் ரூட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடப்பது சின்னக் கூட்டல் கணக்கு. மாடியிலிருந்து ரூட்டுக்கு நேர்வழி 100 எம்பிபிஎஸ், செலவு (வேகம் குறையக் குறையக் கூடும் எண்) 19. கீழ்த்தளம் சுற்றிப் போனால் கிகாபிட்டுக்கு 4 கூட்டல் 19, ஆக 23. ஆகவே மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே காசு கொடுத்துப் போட்ட கிகாபிட் கேபிளை ஸ்பானிங் ட்ரீ அடைத்துவிட்டது. கரண்ட் போனால் ஸ்டோர் ரூம் ஸ்விட்ச் சாகும், கிகாபிட் வழி திறக்கும். "கரண்ட் இல்லாதப்பதான் அண்ணா ஃபைல் வேகமா திறக்குது" என்று அங்கிருந்த பெண் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னது அவர் ஒருவர்தான். கரண்ட் வந்ததும் பழைய ஸ்விட்ச் எழுந்து தலைமையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மாடி ஸ்விட்சின் போர்ட் (கேபிள் செருகும் இடம்) 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்று, பிறகுதான் தரவை விடும். அந்த 30 விநாடியில்தான் எல்லோரும் ஸ்விட்சை நோக்கி ஓடுகிறார்கள். (2001இல் வந்த, ஸ்பானிங் ட்ரீயின் வேகமான வடிவமான ஆர்எஸ்டிபி இதைச் சில விநாடிக்குள் முடிக்கும். ஆனால் எதிரே இருப்பது பழைய மொழி மட்டும் தெரிந்த பெட்டி என்றால் அந்தப் போர்ட்டில் அதுவும் பழைய வேகத்துக்கு இறங்கிவிடும்.)

இந்த "அணைத்துப் போடு" வைத்தியம்தான் எனக்கு ஆகவே ஆகாதது. அணைத்ததும் ஸ்விட்சின் நினைவிலிருக்கும் லாக் (நடந்தவற்றின் பதிவு) போகிறது. டோபாலஜி (எந்த வழி திறந்திருக்கிறது, எது அடைபட்டிருக்கிறது என்ற அமைப்பு) எத்தனை தடவை மாறியது, கடைசியாக எப்போது மாறியது என்ற எண்ணிக்கைகள் பூஜ்யமாகின்றன. யார் ரூட், எந்தப் போர்ட்டிலிருந்து மாற்றம் வந்தது என்று நான் பார்க்க வேண்டிய தடயம் எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்டு, "ஏன் போச்சுன்னு கண்டுபிடி தம்பி" என்றால் எப்படி? ரத்தப் பரிசோதனைக்கு முன்பே மருந்து கொடுத்துவிட்டு டாக்டரைக் கேள்வி கேட்கலாமா?

சின்ன அலுவலகத்துக்கு இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு: 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் ஸ்பானிங் ட்ரீ சிக்கலால் நெட்வொர்க் விழுந்து, நாள்கணக்கில் காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள். அங்கே நிபுணர்கள் இல்லாமலா?

யார் ரூட் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். முக்கிய ஸ்விட்சுக்கு முன்னுரிமை எண் 4096, அதற்கு மாற்றாக இருப்பதற்கு 8192. 4096இன் மடங்காகத்தான் போட முடியும். 5000 என்று அடித்துவிட்டு "ஏற்க மாட்டேங்குது" என்று எனக்கு போன் செய்யாதீர்கள். மேசைக்குப் போகும் போர்ட்களில் பிபிடியு கார்டு போடுங்கள்; அங்கே ஸ்பானிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட் தானே மூடிக்கொள்ளும்.

பிறகு கண்காணிப்பு. பிரிட்ஜிடம், அதாவது ஸ்விட்சிடம், கேட்க வேண்டியவை 1993இலேயே ஆர்எஃப்சி 1493 என்ற இணையத் தரநிலை ஆவணத்தில் எழுதப்பட்டு, 2005இல் 4188ஆகப் புதுப்பிக்கப்பட்டவை: இப்போது ரூட் யார், டோபாலஜி மாற்றம் எத்தனை, கடைசி மாற்றத்துக்குப் பின் எவ்வளவு நேரம். லிப்ரேஎன்எம்எஸ், ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள்கள் இரண்டும் இலவசம். எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளிடம் நிலவரம் கேட்கும் முறை) வழியாக இவற்றைக் கேட்டுச் சொல்லும். நீங்கள் நியமிக்காத ஸ்விட்ச் ரூட்டானால் எச்சரிக்கை வர வேண்டும். லாக்கை வேறொரு கணினிக்கு அனுப்பி வையுங்கள், ஸ்விட்ச் செத்தாலும் கதை மிஞ்சும். எஸ்என்எம்பியைத் திறக்கும்போது "பப்ளிக்" என்ற கடவுச்சொல்லை அப்படியே விட்டு வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெட்கமாக இல்லையா?

அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்க வரும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொங்கும் கேபிளைக் கண்டால் பக்கத்தில் தெரியும் ஓட்டையில் செருகிவிடாதீர்கள். மேசைக்கு அடியில் இருக்கும் மலிவு ஸ்விட்சுக்கு ஸ்பானிங் ட்ரீ தெரியாது. ஒரே கேபிளின் இரண்டு முனையும் அதில் ஏறினால் மொத்த மாடியும் நின்றுவிடலாம். அப்படியே தொங்கட்டும், அக்கா. நாங்கள் வந்து பார்க்கிறோம்.