டயட் என்றால் கட்டுப்பாடு அல்ல

அண்ணன் மகள் கோத்தகிரியில் பத்தாவது படிக்கிறாள், 1500 மீட்டர் ஓடுகிறாள். ஊட்டியில் பயிற்சி முடித்து வந்த ஒரு சாயங்காலம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தேன். உருளைக்கிழங்குப் பொரியல் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது, சோறு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. "உணவுக் கட்டுப்பாடு வேணும்னு போட்டிருக்காங்க சித்தப்பா" என்று முகாமில் கொடுத்த தாளை நீட்டினாள். ஆங்கில மூலமும் கூடவே இருந்தது. அதில் இருந்த சொல் 'டயட்'.

கிரேக்கத்தில் 'டயைட்டா' என்றால் வாழும் முறை. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஒருவர் வழக்கமாக உண்பதைக் குறித்தது. மெலிவதற்காகக் குறைத்து உண்பது அதன் ஒரு கிளைப்பொருள், அவ்வளவுதான்.

சர்க்கரை நோயாளிக்கு மருத்துவர் சொல்வது உணவுக் கட்டுப்பாடு, சரி. ஓடுகிற பிள்ளைக்கு எதற்குக் கட்டுப்பாடு? தினமும் ஒன்று முதல் மூன்று மணி நேரம் கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 6 முதல் 10 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது விளையாட்டு உணவியலின் கணக்கு. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 270 கிராமாவது வேண்டும். 100 கிராம் அரிசியில் 78 கிராம் அளவுக்குத்தான் இருக்கிறது. 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியில் காற்று அடர்த்தி குறைவு, மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டப் பார்க்கும், அதற்கு இரும்புச்சத்து வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் நம் மலைப் பழக்கம் அந்த இரும்பையும் சரியாகச் சேரவிடாது. செலவழிக்கும் அளவுக்குச் சாப்பிடாத பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தவறும், எலும்பு அடர்த்தி குறையும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்தக் குறைபாட்டுக்குத் தனிப்பெயரே வைத்தது. எலும்பு பலம் சேர்வது முப்பது வயதுக்குள்தான். இப்போது விட்டதை அப்புறம் பிடிப்பது கஷ்டம். இந்த வயதுப் பிள்ளையிடம் போய் 'கட்டுப்பாடு' என்கிறார்கள்.

'பத்தியம்' என்பாரும் உண்டு. உடம்புக்கு ஏற்றது என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்த நல்ல சொல். ஆனால் அது மருந்தோடும் பிள்ளை பெற்றவளோடும் ஒட்டிப்போய்விட்டது. பத்தியம் என்றதும் புளியையும் உப்பையும் தள்ளத்தான் நமக்குத் தோன்றும். 'டயட்' என்றே எழுதலாமா என்றால், "டயட்ல இருக்கேன்" என்பதற்கு அரைப்பட்டினி என்றே அர்த்தமாகிவிட்டது.

'உணவுமுறை' போதும். எதை, எவ்வளவு, எப்போது என்பது மூன்றும் 'முறை'க்குள் அடங்கும், கூட்டவும் குறைக்கவும் இடம் இருக்கும். தூய தமிழ் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, படிக்கிற பிள்ளைக்குத் தப்பாகப் புரியாது என்பதற்காகச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், அந்தத் தாள் யார் கைக்குப் போகும் என்று யோசிப்பதில்லை. யோசித்திருந்தால் தெளிவான வேறு சொல் தானாக வந்திருக்கும்.

தாளில் நான்கு இடத்தில் அடித்து 'உணவுமுறை' என்று எழுதிக் கொடுத்தேன். அன்று ராத்திரி அவள் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினாள். மற்ற பிள்ளைகள் கையில் இருப்பது இன்னும் பழைய தாள்தான்.