லூட்டின் மாத்திரையும் எதிரே வரும் முகப்பு விளக்கும்

மன்னார்குடி வாசகர் ஒருவர், இரவில் நெல் லாரி ஓட்டும் தம் மகனுக்கு மருந்துக் கடையில் லூட்டின் மாத்திரை வாங்கச் சொன்னார்கள் என்றும், கண்ணில் குறையில்லாதவர் அதை உண்டால் பார்வை கூடுமா என்றும் கேட்டிருக்கிறார்.

பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுவது பள்ளியில் படித்ததே. அதே இனத்து மஞ்சள் நிறப்பொருள்களான லூட்டினும் சியாசாந்தினும் அவ்வாறு மாறுவதில்லை. உணவிலிருந்து குருதியில் கலக்கும் இவ்வினத்து நிறப்பொருள்களான பலவகைக் கரோட்டினாய்டுகளுள் இவற்றையே கண் தேர்ந்தெடுத்து, விழித்திரையின் மையத்தில் மஞ்சள் நிறமியாகச் சேர்த்துவைக்கிறது.

சேர்த்துவைக்கும் இடம்தான் என்னை வியக்க வைக்கிறது. ஒளியை உணரும் கூம்புச் செல்களுக்கு முன்னால், அவற்றின் இழைகளிலேயே நிறமி தங்குவதால், மையத்தில் விழும் ஒளி முழுவதும் அந்த மஞ்சள் திரையைக் கடந்தே கூம்புகளை அடைகிறது. திரை மிகுதியாக உறிஞ்சுவது 460 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை. கண் நீலத்தைப் பிற நிறங்களைவிட அதிகமாக வளைப்பதால், பச்சையும் மஞ்சளும் விழித்திரையில் கூர்மையாகக் குவிகையில், நீலம் அதற்கு முன்னரே குவிந்து, விழித்திரையில் மங்கலாகப் பரவுகிறது. எல்இடி முகப்பு விளக்கின் நீல உச்சமும் ஏறத்தாழ 450 நானோமீட்டர். ஆகவே மையத்தைக் கூசச்செய்யும் ஒளியில் ஒரு பகுதி கூம்புகளை எட்டுமுன்பே குறைந்துவிடுகிறது.

நலமான கண்ணுள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளில், நாள்தோறும் 10 மில்லிகிராம் அளவில் லூட்டினைச் சில மாதங்கள் உண்டபின் பலருக்கு நிறமி அடர்ந்தது. கூச்சத்திலிருந்து பார்வை மீளும் நேரம் சில ஆய்வுகளில் குறைந்தது. வேறு சிலவற்றில் பயன் தெளிவாகத் தெரியவில்லை. கிட்டப்பார்வை இதனால் மாறாது. லூட்டின் சேர்ந்த மாத்திரையைச் சோதித்து 2013இல் வெளியான ஏஆர்இடிஎஸ்2 என்னும் ஆய்வு, விழித்திரையின் மையம் பழுதாகும் மஞ்சள் புள்ளிச் சிதைவு நோய் உடைய முதியவர்களிடம் நடந்தது. நலமானவருக்கு மாத்திரை விற்க அதைக் காட்டுவது தவறு.

இத்துறை ஆய்வுகள் பலவற்றுக்கு மாத்திரை தயாரிப்பாளர்களே பணம் தருகிறார்கள். தஞ்சாவூரிலேயே ஒன்றிய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்க, நம் வீட்டு முருங்கைக் கீரைப் பொரியலிலிருந்து எவ்வளவு லூட்டின் குருதியில் சேர்கிறது என்று அளக்கப் பொதுப்பணம் ஒதுக்குவதே முறை என்பேன். பொன்னாங்கண்ணி உண்டால் பகலிலும் நட்சத்திரம் தெரியும் என்பது நடவாதது, ஏனெனில் அவற்றை மறைப்பது பகல் வானின் ஒளியே. ஆனால் அக்கீரையில் லூட்டின் உண்டு, எண்ணெயில் வதக்கினால் அது நன்றாக உட்கிரகிக்கப்படும். முட்டையின் மஞ்சள் கருவிலிருந்தும் எளிதில் கிடைக்கும்.

மகன் புகைப்பவரானால், பீட்டா கரோட்டின் சேர்ந்த மாத்திரையை வாங்கவே வேண்டாம். 1994இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில், நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உண்ட புகைப்பவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் கூடியது.