லென்ஸில் விழும் வெள்ளைச் சதுரம்

மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கு மாடல்களை வைத்துப் படமெடுக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: மாடலின் கண்ணாடி லென்ஸில் சாப்ட்பாக்ஸ் (விளக்கின் மேல் மாட்டும் வெள்ளைத் துணிப் பெட்டி) வெள்ளைச் சதுரமாக விழுகிறது, கேமராவில் மாட்டும் பிரதிபலிப்பு நீக்கும் வடிகட்டியான போலரைசரைத் திருகித் திருகிப் பார்த்தும் போகவில்லை, ஏன்?

போலரைசரைக் கழற்றி வைத்துவிடுங்கள். போலரைசர் தடுப்பது முனைவாக்கம் அடைந்த, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியைத்தான். பிளாஸ்டிக்கில் தெறிக்கும் ஒளி முழுக்க அப்படி ஆவது சுமார் 56 டிகிரி படுகோணத்தில் (பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளப்பது). முகத்தை நேராக எடுக்கும்போது அந்தக் கோணம் அதில் பாதியைக்கூட எட்டுவது அபூர்வம். வெளிச்சம் வீணாவதுதான் மிச்சம்.

லென்ஸின் ஒரு பரப்பு 4 சதவீத ஒளியைத் திருப்பும். இரண்டு பரப்புக்கு 8. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் 60 செ.மீ. சதுர சாப்ட்பாக்ஸ் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால், மாநிறத் தோலின் ஒளிர்வு அந்தப் பெட்டியின் ஒளிர்வில் 2 சதவீதத்துக்குள்தான். தோல் ஒளியை எல்லாப் பக்கமும் இறைக்கிறது, லென்ஸ் ஒரே பக்கம் அனுப்புகிறது. அதனால்தான் அந்த வெள்ளைத் திட்டு கன்னத்தைவிட நான்கு மடங்கு பளிச்சிடுகிறது. விளக்கைப் பின்னால் தள்ளினால் திட்டு சிறுக்கும், ஆனால் மங்காது, தோல்தான் மங்கும். ஆன்டி-கிளேர் பூச்சு இருந்தால் 8 என்பது 1-க்கு அருகே இறங்கும். பிரேமோடு வரும் டெமோ லென்ஸில் பெரும்பாலும் அது இருக்காது. நீல ஒளியைத் தடுக்கும் ‘ப்ளூ கட்’ லென்ஸ் வேண்டவே வேண்டாம், படத்தில் நீலத் திட்டாக விழும். அது கண் சோர்வைக் குறைக்கும் என்பதற்கும் வலுவான ஆதாரம் இல்லை. நன்றாக விற்கிறது, அவ்வளவே.

இனி வடிவியல். லென்ஸின் முன்பக்கம் ஒரு குவி ஆடி. அடிவளைவு (முன்பக்க வளைவைக் குறிக்கும் எண்; கூடினால் வளைவும் கூடும்) 6 என்றால் வளைவு ஆரம் சுமார் 88 மி.மீ. லென்ஸ் உயரம் 35 மி.மீ. என்று வைத்தால், நடுவிலிருந்து மேல் விளிம்பு வரை, பரப்புக்குச் செங்குத்தான கோடு 11.5 டிகிரி திரும்புகிறது. ஆடி ஒரு டிகிரி திரும்பினால் பிரதிபலிப்பு இரண்டு டிகிரி திரும்பும் என்பது பள்ளிப் பாடம். ஆக, நடுவிலிருந்து மேலே 23, கீழே 23. லென்ஸ் தட்டையாக இருந்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

இதில் ஒரு நல்ல காலம்: கண்ணாடி முகத்தில் செங்குத்தாக நிற்பதில்லை. கீழ் விளிம்பு கன்னத்தை நோக்கி 8 டிகிரி போலச் சாய்ந்திருக்கும். அதனால் மொத்த வீச்சும் 16 டிகிரி கீழே இறங்குகிறது. கேமரா கண்மட்டத்தில் இருந்தால், லென்ஸ் பார்ப்பது கேமராவுக்கு மேலே 7 டிகிரி முதல் கீழே 39 டிகிரி வரை. சாப்ட்பாக்ஸின் கீழ் விளிம்பு அந்த 7-க்கு மேலே இருந்தால் முன்பரப்பில் திட்டு விழாது. ஒன்றரை மீட்டரில் அது வெறும் 18 செ.மீ. உயரம்! மாடல் முகவாயை 10 டிகிரி தூக்கினால் 7 என்பது 27 ஆகி, விளக்கு 76 செ.மீ. உயரம் கேட்கும். பாதிப் படங்கள் இங்கேதான் கெடுகின்றன.

மாடலிங் லைட்டை (பிளாஷ் விளக்குக்குள் தொடர்ந்து எரியும் சிறு விளக்கு) போட்டு, கேமராவின் இடத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, திட்டு மறையும்வரை விளக்கை ஏற்றச் சொல்லுங்கள். விளக்கு 45 டிகிரி உயரம் தாண்டினால் பிரேமின் நிழல் கண்ணில் விழும். அதற்குள் திட்டு போகாவிட்டால் காதுக்கம்பியைக் காதிலிருந்து 5 மி.மீ. தூக்குங்கள். லென்ஸ் 3 டிகிரி சாயும், பிரதிபலிப்பு 6 டிகிரி, ஒன்றரை மீட்டரில் 16 செ.மீ. லாபம். பக்கவாட்டுப் படத்தில் இது அம்பலமாகிவிடும். நிழலை நிரப்பும் தெர்மாகோலை மார்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். முன்னால் நீட்டினால் அந்த 39 டிகிரிக்குள் வந்து லென்ஸின் அடியில் வெள்ளைக் கோடாகத் தெரியும். நீங்களும் அந்த வீச்சுக்குள்தான் நிற்கிறீர்கள், கறுப்புச் சட்டை போடுங்கள். மைனஸ் பவர் லென்ஸில் பின்பரப்பின் வளைவு இன்னும் கூடுதல். அது பார்க்கும் பரப்பும் கூடும்.

லென்ஸையே கழற்றிவிட்டு எடுப்பவர்கள் உண்டு. வேலை சுலபம், ஆனால் பிரேம் வெற்று வளையமாகத் தெரியும். ஓரத்தில் மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று இருப்பதே என் கட்சி.

கூலிங் கிளாஸுக்கு எல்லாம் தலைகீழ். பிரதிபலிப்பு இல்லாவிட்டால் அது கறுப்பு ஓட்டைதான். வளைவு 8, அகலம் 58 மி.மீ. கொண்ட லென்ஸ் பக்கவாட்டில் நூறு டிகிரிக்கு மேல் பார்க்கும். ஜன்னல், ஸ்டாண்டு, உதவியாளர் எல்லாமே அதில் விழும் என்பதால் முதலில் அறையை இருட்டாக்குங்கள். பிறகு கேமராவுக்கு ஒரு பக்கம் பெரிய வெள்ளைத் துணி கட்டி, அதன் ஒரு முனையில் மட்டும் விளக்கை அடித்தால், வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மெல்ல இறங்கும் சாயல் லென்ஸில் கிடைக்கும்.