கேபின் கதவுக்குச் செருப்பு வைக்காதீர்கள்

பெரிய சொகுசுக் கப்பலில் ஏறியதும் பயணிகள் பாதுகாப்பு அதிகாரியான என்னைப் பிடித்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இவ்வளவு பெரிய கப்பல் மூழ்குமா சார்?" எனக்குத் தூக்கம் கெடுவது தண்ணீரால் அல்ல, தீயால். நடுக்கடலில் தீ பிடித்தால் மணியடித்துக்கொண்டு வண்டி எதுவும் வராது. நாங்களேதான் அணைக்க வேண்டும்.

கப்பல் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு உதாரணம். பின்லாந்தின் துர்க்கு நகரில் கட்டப்பட்டு 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' 365 மீட்டர் நீளம். ஊழியர்களையும் சேர்த்தால் 10,000 பேருக்குக் கொஞ்சம்தான் குறைவு. (அதன் அளவாகச் சொல்லப்படும் 2,48,663 டன்னைப் பலர் எடை என்று நினைக்கிறார்கள். அது உள்ளிடத்தின் கொள்ளளவைக் காட்டும் கணக்கு.)

இப்படிப்பட்ட கப்பலை அடியிலிருந்து ஒரே மூச்சாகக் கட்டுவதில்லை. பல நூறு டன் எடையுள்ள எஃகுத் தொகுதிகளைத் தனித்தனியே செய்து, ராட்சதக் கிரேனால் தூக்கிவந்து பற்றவைப்பார்கள். கேபின்கள் குளியலறையோடு பெட்டி பெட்டியாகத் தயாராகி வரும். அலமாரியில் இழுப்பறை செருகுவது மாதிரி உள்ளே தள்ளிவிடுவார்கள். இதையெல்லாம் வேடிக்கை பார்க்கிறவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு: குறுக்கே போகும் தீத்தடுப்புச் சுவர்கள். சர்வதேச விதிப்படி வழக்கமாக 40 மீட்டருக்கு ஒன்று, மிஞ்சினால் 48 மீட்டர். ஒரு பக்கம் எரிந்தாலும் 60 நிமிடம் வரை மறுபக்கத்தில் வெப்பம் அளவு மீறி ஏறாது. தீயை அதன் வீட்டுக்குள்ளேயே பூட்டிவைப்பதுதான் இதன் நோக்கம்.

பூட்டுக்குக் கதவு வேண்டுமே! கேபின் கதவு தானாக மூடிக்கொள்வது அதற்காகத்தான். ஒருமுறை ரோந்து போனபோது வரிசையாக மூன்று கேபின்களின் கதவிடுக்கில் செருப்பு. ஒரே குடும்பம், குழந்தைகள் ஓடியாட வசதியாம். நான் எடுத்துவிட்டேன். திரும்பி வருவதற்குள் மறுபடி செருப்பு. தீ பிடித்திருந்தால் அந்த நடைபாதை முழுக்கப் புகை நிறைய அதிக நேரம் ஆகியிருக்காது.

2006 மார்ச்சில் கரீபியன் கடலில் 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் பால்கனியில் தீ பிடித்து, பல தளங்களுக்குப் பரவியது. பயணி ஒருவர் இறந்தார். அணையாத சிகரெட்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று விசாரணையில் முடிவானது. பால்கனிகளின் தடுப்புகளும் நாற்காலிகளும் எளிதில் எரியக்கூடியவை, அங்கே தீ உணர்கருவியும் இல்லை. அதன் பிறகுதான் பால்கனி விதிகள் கடுமையாயின. ஆகவே சிகரெட்டைக் கடலில் எறிகிறேன் என்று வீசாதீர்கள். காற்று அதைக் கீழ்த்தளத்துப் பால்கனிக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

அப்புறம், தீ பிடித்தால் தண்ணீர் தெளிப்பதற்காகக் கூரையிலிருக்கும் ஸ்பிரிங்க்ளரில் சட்டையைத் தொங்கவிடுகிறவர்கள். அதனுள் சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. அது உடைந்தால் உங்கள் பெட்டி, படுக்கை எல்லாம் நனைந்துவிடும்.

அவசரகாலப் பயிற்சியை எல்லாரும் சலித்துக்கொள்கிறார்கள். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதியபோது, அன்று மாலை ஏறிய பல நூறு பேருக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 32 பேர் உயிரிழந்தார்கள். 2015 முதல், கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது? ஏழு குறுகிய ஒலி, பின் ஒரு நீண்ட ஒலி கேட்டால் உங்களுக்குக் குறித்த கூடுமிடத்துக்குப் போங்கள். லிஃப்ட் வேண்டாம், படிக்கட்டுதான். முதல் நாளே கேபினிலிருந்து அதுவரை ஒருமுறை நடந்து பாருங்கள். படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகை சூழ்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.