இந்தக் குப்பி எங்கிருந்து வந்தது?

அந்தப் பாட்டி அடுக்களையிலிருந்து எடுத்துவந்து கொடுத்த சிரப் குப்பி பளிச்சென்று இருந்தது. லேபிளை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டியிருந்தார். சோப்புத்தூள் போட்டுக் குலுக்கிக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதில் விளக்கெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கிடந்த அவருடைய மூன்று வயதுப் பேரனுக்கு இருமலுக்குக் கொடுத்த மருந்து அந்தக் குப்பியில்தான் இருந்தது. குழந்தைக்கு இரண்டு நாளாகச் சிறுநீர் பிரியவில்லை. குழந்தைகள் பிரிவு மருத்துவர் சந்தேகப்பட்டு எங்கள் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னதால் நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன்.

“பில் இருக்கிறதா அம்மா?”

“நாற்பது ரூபாய் மருந்துக்குப் பில் எதற்கு என்று நான்தான் வாங்கவில்லை, தம்பி.”

“மருந்தின் பெயர் ஏதாவது நினைவிருக்கிறதா?”

“ரோஸ் நிறத்தில் இருக்கும். கடைக்காரருக்குத் தெரியும்.”

பஸ் நிலையத்துக்கு எதிரே மூன்று மருந்துக்கடைகள். எந்தக் கடை என்று பாட்டிக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மூன்று கடைகளிலும் ரோஸ் நிறத்தில் நான்கைந்து வகை சிரப் இருந்தது. எல்லாவற்றிலும் மாதிரி எடுத்து அனுப்பினேன். எல்லாமே தரமானவை என்று அறிக்கை வந்தது. குழந்தை டயாலிசிஸ் செய்யப்பட்டுப் பிழைத்து வீடு திரும்பினான். அவனை அந்த நிலைக்குக் கொண்டுபோனது சிரப்தானா, வேறு நோயா என்று கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போயிற்று. ஒரே தடவையில் தயாரான மருந்துத் தொகுதிக்கு இடும் எண்தான் பேட்ச் எண். கோப்பில் அந்தப் ‘பேட்ச் எண்’ என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கோடு இன்றும் என்னை உறுத்துகிறது. பாட்டியை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல கண்ணாடிக் குப்பியைக் குப்பையில் எறியாத தலைமுறை அது. கழுவக் கூடாது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை; சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

மருந்து ஆய்வாளராகப் பல ஆண்டுகள் கடை கடையாக ஏறி இறங்கினேன். பிறகு தலைமை அலுவலகத்தில் உரிமங்களையும் கொள்கைக் குறிப்புகளையும் பார்க்கும் பிரிவில் இருந்தேன். எங்கள் வேலை என்றால் அதிரடிச் சோதனை, பூட்டுப் போடுவது, பத்திரிகையில் படம் என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் நாளில் பெரும்பகுதி ஒரே ஒரு கேள்வியில் போகிறது: இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது? 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தில் 18ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. மருந்தை வைத்திருப்பவர் தானே தயாரித்தவராக இல்லாவிட்டால், யாரிடம் வாங்கினார் என்ற பெயரையும் முகவரியையும் ஆய்வாளர் கேட்டதும் சொல்லியாக வேண்டும். சில்லறைக் கடைக்காரர் மொத்த விற்பனையாளரைக் காட்டுவார், அவர் கிடங்கைக் காட்டுவார், கிடங்கு தொழிற்கூடத்தைக் காட்டும். ஒவ்வொரு கைக்கும் நடுவே இருப்பது ஒரு பில். ஒரு பில் இல்லாவிட்டால் அங்கேயே பாதை முடிந்துவிடும்.

கடைக்காரர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். உரிமம் பெற்றவரிடம் முறையாக வாங்கினேன், ஒழுங்காகச் சேமித்து வைத்தேன், கேடு இருப்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை என்று மெய்ப்பிக்கும் விற்பனையாளரைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. அதை மெய்ப்பிக்க அவரிடம் இருக்கும் ஒரே சாட்சி கொள்முதல் பில். இரண்டு சதவீதம் விலை குறைவு என்பதற்காக யாரோ பையில் கொண்டுவந்து கொடுத்த சரக்கை வாங்கி அடுக்குகிறவர், அந்தப் பாதுகாப்பைத் தானே கழற்றி எறிகிறார்.

சிறுநீர் பிரியாத குழந்தை என்றதும் அந்த மருத்துவர் ஏன் எங்களைக் கூப்பிட்டார்? டைஎத்திலீன் கிளைக்கால் என்ற பெயர் அவர் மனதில் ஓடியிருக்கிறது. வாகனங்களின் பிரேக் எண்ணெயிலும் தொழிற்சாலைக் கரைப்பான்களிலும் சேரும் திரவம் அது. நிறமில்லை, மணமில்லை, லேசாக இனிக்கும். சிரப் செய்ய உதவும் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் போன்றவற்றின் அருகே வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. விலை மட்டும் குறைவு. உடலுக்குள் போனதும் அது டைகிளைக்காலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைச் சிதைக்கிறது. மருந்தில் அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவீதம்.

இந்த நஞ்சு முதலில் பெரிய அளவில் உயிர் குடித்தது 1937இல், அமெரிக்காவில். கிருமித் தொற்றுக்கான சல்ஃபானிலமைடு என்ற நல்ல மருந்தைத் திரவமாக்க ஒரு நிறுவனத்தின் வேதியியலாளர் இதில் கரைத்தார். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பைச் சோதிக்கச் சொல்லும் சட்டம் அன்று அங்கே இல்லை. அடுத்த ஆண்டு, 1938இல் வந்தது. இந்தச் சட்டக் கதையைப் பலரும் சொல்லிவிட்டார்கள். ஆய்வாளனான எனக்கு இதில் மனதை நெகிழ்த்தும் பகுதி வேறு. அந்நாட்டு மருந்துத் துறை தன்னிடம் இருந்த 239 ஆய்வாளர்களில் ஏறத்தாழ அனைவரையும் தெருவில் இறக்கியது. விற்பனைப் பிரதிநிதிகளின் ஆர்டர் சீட்டுகள், கடைகளின் பதிவேடுகள், மருத்துவர்களின் குறிப்புகள் என்று ஒவ்வொரு தாளையும் பிடித்து வீடு வீடாகப் போனார்கள். தயாரான 240 கேலனில் 234 கேலனுக்கு மேல் மீட்டுவிட்டார்கள். எஞ்சிய சில கேலன்கள்தான் அத்தனை உயிர்களையும் கொன்றன. கடையில் யாருக்கு விற்றோம் என்று எழுதி வைக்காத இடங்களில், குப்பியைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியிருந்தது. பேட்ச் எண் இல்லாத குப்பியோடு பஸ் நிலையத்தில் நின்றவனுக்கு அந்த அலைச்சல் புரியும். அந்த 234 கேலனைக் காகிதம்தான் மீட்டுக் கொடுத்தது.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. 1973இல் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் 14 குழந்தைகள் இதே நஞ்சால் இறந்தார்கள். 1986இல் மும்பையில், 1998இல் குருகிராமில், 2020ஐ ஒட்டி ஜம்முவின் ராம்நகரில், 2022இல் நாம் ஏற்றுமதி செய்த சிரப்பைக் குடித்த காம்பியா நாட்டில் என்று அது திரும்பத் திரும்ப வந்தது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, அந்த சிரப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். அதில் இருந்த டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். வரம்பைப் போல 486 மடங்கு. ஐந்து மில்லி கொடுத்தால் ஏறக்குறைய இரண்டரை கிராம் நஞ்சு. அந்த எண்ணைப் படித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் தொழிலின் எல்லைக்குள், என் மாநிலம் கொடுத்த உரிமத்தில் நடந்தது அது.

அந்தக் கொடுமையிலும் ஒரு பாடம் பளிச்சென்று தெரிந்தது. அக்டோபர் 1 அன்று மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்தது, மருந்தின் பெயரோடும் பேட்ச் எண்ணோடும். அன்றே ஆய்வாளர்கள் தொழிற்கூடத்துக்குள் போனார்கள். விற்பனை நிறுத்தப்பட்டது; ஓரிரு நாளில் ஆய்வக முடிவும் வந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஒரு குப்பியின் லேபிள், நேராக ஒரு கட்டடத்தின் வாசலைக் காட்டியது. அந்த எண் இன்னும் இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் என்ற எண்ணத்தை என்னால் விலக்க முடியவில்லை.

குப்பியைப் பற்றிச் சொன்ன அதே கேள்வியைத் தொழிற்கூடத்தில் மூலப்பொருள் டிரம்மிடம் கேட்க வேண்டும். சிரப் தொழிற்கூடத்தில் நுழைந்ததும் நான் இயந்திரங்களைப் பார்க்கப் போவதில்லை. மூலப்பொருள் கிடங்குக்குத்தான் முதலில் போவேன். சோதனையில் இருப்பதற்கு மஞ்சள் சீட்டு, தேறியதற்குப் பச்சை, தள்ளியதற்குச் சிவப்பு. டிரம்மின் எண்ணிக்கையும் பில்லின் எண்ணிக்கையும் பொருந்துகின்றனவா? மூடியில் இருப்பது மூலப்பொருளைத் தயாரித்தவரின் முத்திரையா, இடையில் யாரேனும் பிரித்து வேறு டிரம்மில் மாற்றியதா? அடுத்து சோதனைப் பதிவேடு. ஆறு மாதப் பதிவும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில் இருந்தால், ஒரே உட்காரலில் எழுதியது என்று அர்த்தம். ஒரு தொழிற்கூடத்தில் எல்லாத் தாள்களும் சரியாக இருந்தன. ஆய்வகக் கருவி அச்சிட்ட தாளின் ஓரத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். சோதனை நடந்தது மாலை நான்கு மணிக்கு. அந்த டிரம்மைத் திறந்து சிரப் கலக்கத் தொடங்கியது அன்று காலை பத்துக்கு. பொருள் நல்லதாகத்தான் இருந்தது. ஆனால் காலை பத்து மணிக்கு அது அவர்களுக்குத் தெரியாது.

“விற்றவரே தரச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார் சார்” என்று சொல்வார்கள். அந்தச் சான்றிதழ் பெரும்பாலும் நகலின் நகல். 2006இல் பனாமாவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற இருமல் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவிலிருந்து 46 பீப்பாய்கள் கிளிசரின் என்ற பெயரில் பார்சிலோனா வழியாகப் பனாமாவுக்கு வந்தன. வழியில் சான்றிதழில் இருந்த தயாரிப்பாளர் பெயரும் முந்தைய விற்பனையாளர் பெயரும் நீக்கப்பட்டன. யாரும் பீப்பாயைத் திறந்து சோதிக்கவில்லை. கடைசியில் மருந்தைக் கலக்கியது ஓர் அரசு ஆய்வகம்.

பில் என்பது பாதையைக் காட்டும். உள்ளே இருப்பதைக் காட்டாது. அதற்குச் சோதனை வேண்டும். நமது 1945ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு மூலப்பொருள் பேட்சையும் தயாரிப்பாளர் சோதித்தே பயன்படுத்த வேண்டும் என்று தெளிவாகச் சொல்கின்றன. டைஎத்திலீன் கிளைக்கால் இருக்கிறதா என்று பார்க்கும் மெல்லடுக்குச் சோதனைக்கு ஒரு கண்ணாடித் தகடும் சில மணி நேரமும் போதும். ஏற்றுமதிக்குப் போகும் இருமல் சிரப் அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் தேறியாக வேண்டும் என்று 2023 ஜூன் முதல் கட்டாயமாக்கினோம். அந்த நாளில் உள்நாட்டுக் குழந்தைக்கும் அதையே கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. இதை அலுவலகக் குறிப்பிலும் எழுதுவேன், இங்கும் எழுதுகிறேன்.

ஆள் பற்றாக்குறையையும் மறைக்க முடியாது. 50 தொழிற்கூடங்களுக்கு ஓர் ஆய்வாளர், 200 கடைகளுக்கு ஓர் ஆய்வாளர் என்று மருந்துக் கட்டுப்பாட்டை ஆராய மத்திய அரசு அமைத்த மஷேல்கர் குழு 2003இல் பரிந்துரைத்தது. நான் பணியாற்றிய எந்த இடத்திலும் அந்த அளவுக்கு ஆட்கள் இருந்ததில்லை. முடியும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்துக் குறியீட்டு எண் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறது. தேறினால்தான் மருந்து கிடங்கைத் தாண்டும். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று சோதிப்பவருக்கே தெரியாது. பல மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன முறை இது.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் சளி மருந்தை நீங்களாகக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். சளி மருந்துகளில் சேரும் குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த கலவையை அந்த வயதில் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. அந்த எச்சரிக்கை எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழிலும் அச்சிட வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள். மருந்து குடித்த குழந்தை வாந்தி எடுத்து, சோர்ந்து, ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குழந்தையைத் தூக்கும்போதே குப்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்தாலும் வேண்டாத விளைவு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, விலை கொடுத்து வாங்கிய எந்த மருந்தையும் பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் உரிய கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்துக் கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். என் பணிக்காலம் முழுவதிலும் அப்படி வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விண்ணப்பத்துக்கு வழி சொல்வார்கள். பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். மீதி மருந்தை வேறு குப்பிக்கு மாற்ற வேண்டாம். மூடியை இறுகத் திருகி, லேபிளைத் துடைக்காமல், குப்பியைக் கழுவாமல், அப்படியே கொண்டுவாருங்கள்.