ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு தண்ணீர் வைக்கலாம்?

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதியிருக்கும் பல ப்ளேஸ்கூல்களில் மரச்சாமான்கள் வரிசையாக இருக்கும். பிள்ளை தானே தண்ணீர் ஊற்றிப் பழகும் ஜக் மட்டும் இருக்காது. தரை நனையும் என்ற பயம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அந்த ஜக்தான் முதல் பாடப்புத்தகம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

150 மில்லி பிடிக்கிற ஜக் போதும். மூக்கு நன்றாகக் கூர்மையாக இருக்கட்டும். மழுங்கியிருந்தால் தண்ணீர் வெளிப்பக்கமாக வழிந்து கை நனையும். பாதி ஜக் தண்ணீர் விடுங்கள். அவ்வளவும் டம்ளருக்குள் அடங்குகிறதா என்று நீங்களே முதலில் ஊற்றிப் பாருங்கள். ஊற்ற ஆரம்பித்த பிள்ளைக்கு இந்த வயதில் நடுவில் நிறுத்த வராது, காலியாகும்வரை ஊற்றும். டம்ளர் வழிந்தால் அளவு வைத்தவர் மேல்தான் தவறு. பிளாஸ்டிக் டம்ளர் ஜக் பட்டதும் சாய்ந்துவிடும். அடி கனமான எவர்சில்வர் டம்ளர் நிற்கும்.

செய்து காட்டும்போது பேசாதீர்கள். பேசினால் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும், கையைப் பார்க்காது.

சிந்தினால் துடைக்கப் பிள்ளையின் உள்ளங்கை அளவுக்கு வெட்டிய ஸ்பாஞ்ச் வேண்டும். பெரிய துணி அந்தக் கைக்கு மடங்காது, தண்ணீரைப் பரப்பத்தான் செய்யும். ஸ்பாஞ்சைப் பிள்ளைக்கு எட்டும் கொக்கியில் மாட்டுங்கள். நீங்கள் ஓடிப்போய்த் துடைத்துவிட்டால் பாடத்தின் பாதி போய்விடும்.

தண்ணீருக்குப் பதில் கொண்டைக்கடலை, பட்டாணி கொடுப்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம், வாய்க்கும் மூக்குக்கும் போகும், மூச்சடைக்கும். வாளியில் தண்ணீர் தேக்கிவைத்துவிட்டு நகரவும் கூடாது. சில அங்குலத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கக்கூடும்.

உடை நனைவதும் நல்லதற்கே, மாற்றிக்கொள்ளப் பழகலாம். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த டிரவுசர்தான் இதற்குத் தோது. பட்டனும் நாடாவும் இப்போது வேண்டாம். பிள்ளையைக் குட்டை ஸ்டூலில் உட்காரவைத்துக் கால்களை நுழைத்துவிடுங்கள். முதல் சில நாள் தொடைவரை நீங்கள் ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். அது வந்ததும் முழங்காலோடு நிறுத்துங்கள், பிறகு கணுக்காலோடு. பின்பக்கம்தான் பெரும்பாலும் சிக்கும், முன்பக்கத்தை மட்டுமே பிள்ளை பிடித்து இழுப்பதால். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் எலாஸ்டிக்கைப் பிடிக்கவைத்தால் போதும். இழுப்பதைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.