பழைய முகப்பை இடிக்கும் முன்: கொங்கு நகரங்களில் கட்டட விதிகள் சொல்வது என்ன?

கோவை ஒப்பணக்கார வீதியிலோ ராஜ வீதியிலோ தாத்தா காலத்துக் கட்டடம் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. கீழே கடை, மேலே மர ஜன்னல்களும் சுதை வேலைப்பாடுமாக ஒரு மாடி. பங்காளிகள் கூடிப் பேசி, இடித்துவிட்டு நான்கு மாடி எழுப்புவதென்று முடிவு செய்கிறார்கள். "பட்டா நம் பெயரில் இருக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள்?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்பது உண்மை. ஆனாலும் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, முகப்பை நிறுத்திக்கொண்டே பின்னால் வேண்டிய அளவு கட்டிக்கொள்ளவும் விதிகளில் இடம் இருக்கிறது. இந்த இரண்டாவது செய்தி உரிமையாளர்களின் காதுக்கு எட்டுவதே இல்லை.

மனை எங்கே இருக்கிறது?

முதலில் பார்க்க வேண்டியது, மனைக்குப் பக்கத்தில் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் இருக்கிறதா என்பது. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டம் 2010-இல் கடுமையாக்கப்பட்டது. அதன்படி இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைப் பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. தடைப் பகுதியில் புதிதாகக் கட்ட முடியாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடத்தைப் பழுதுபார்க்கலாம், அதுவும் அனுமதி பெற்று. ஒழுங்குமுறைப் பகுதியில் கட்டுவதற்குத் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரை தேவை. மீறினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாமக்கல் கோட்டை ஊரின் நடுவில், பாறை மேல் நிற்கிறது; அதைச் சுற்றியிருக்கும் தெருக்காரர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. சங்ககிரிக் கோட்டைக்கும் இதே சட்டம்தான். மாநிலத் தொல்லியல் துறை 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதையும் பார்த்துவிட வேண்டும்.

ஆனால் கடைவீதியில் நிற்கும் நூறாண்டுக் கட்டடத்தைப் பொதுவாக இந்த இரண்டு சட்டங்களும் தொடுவதில்லை. அதற்காக வந்ததுதான் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம். 2012-இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய இந்தச் சட்டம் 2024-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை முகப்புகள் லாரியில் ஏறிப் போயின என்று நினைத்தால் வயிறு எரிகிறது. எந்தக் கட்டடங்களும் எந்தப் பகுதிகளும் பாரம்பரியச் சிறப்பு உடையவை, அவற்றில் எந்த மாற்றத்தை அனுமதிக்கலாம் என்று அரசுக்கும் திட்ட அமைப்புகளுக்கும் ஆலோசனை சொல்வது இந்த ஆணையத்தின் வேலை. எல்லாமே பாரம்பரியப் பட்டியலில்தான் அடங்கியிருக்கிறது. பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் கோப்பு ஆணையத்தின் பக்கமே போகாது.

சென்னையின் கதை இதற்குச் சான்று. அண்ணா சாலையில் இருக்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010-இல் வந்த தீர்ப்பு அந்தக் கட்டடத்தைக் காத்தது. நீதிபதி பத்மநாபன் குழு அடையாளம் கண்ட 467 கட்டடங்களின் பட்டியலுக்கும் அதனால் ஒரு கனம் கிடைத்தது. ஆனால் அது சென்னைக்கான பட்டியல். ஒப்பணக்கார வீதிக்கோ ஈரோட்டுக் கடைவீதிக்கோ அது உதவாது.

கோவையில் 1892-ஆம் ஆண்டின் விக்டோரியா நகர் மண்டபம் போன்ற பொதுக் கட்டடங்களுக்குப் பேச ஆள் இருக்கிறது. தனியார் கையில் இருப்பவைதான் சத்தமில்லாமல் போகின்றன.

இடிக்கத் தூண்டுவது எது?

ஒரு கணக்கைப் பார்த்தால் புரியும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, 18.30 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. பொறியாளர்கள் எஃப்.எஸ்.ஐ. என்று சொல்வது இதைத்தான்: மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை எல்லாத் தளங்களும் சேர்த்துக் கட்டலாம். அடுக்குமாடி உயர் கட்டடங்களுக்கு இது 3.25.

10 சென்ட் மனை என்று வைத்துக்கொள்வோம். 4,356 சதுர அடி. பழைய வீதிகளில் மனைகள் முகம் குறுகி, உள்ளே நீண்டு போகும். எனவே 33 அடி அகலம், 132 அடி நீளம். இதில் 8,712 சதுர அடி கட்ட உரிமை உண்டு. பழைய கட்டடம் மொத்தமே 5,000 சதுர அடி என்றால், மீதி 3,700 சதுர அடியை விட்டுவைக்க யாருக்கும் மனம் வராது. அதற்கு வாடகைக் கணக்குப் போட்டதுமே கடப்பாரை எடுக்கிறார்கள்.

இனி வேறு விதமாகப் பார்ப்போம். தெருவை ஒட்டிய முன்கட்டில் 20 அடி ஆழத்தை மட்டும் இரண்டு தளங்களோடு அப்படியே வைத்துக்கொண்டால், அது 1,320 சதுர அடி. மீதி 7,392 சதுர அடியைப் பின்னால் இருக்கும் 112 அடி நீளத்தில் கட்ட வேண்டும். அந்த இடம் 3,696 சதுர அடி. அதில் சரிபாதியை மட்டும் எடுத்து நான்கு தளம் போட்டால் 7,392 சதுர அடி வந்துவிடுகிறது. சுற்றிலும் காற்றுக்கும் வழிக்கும் மறுபாதி கிடக்கும். உரிமையாளர் ஒரு சதுர அடிகூட இழக்கவில்லை. புதுக் கட்டடம் 20 அடி உள்ளே தள்ளி எழுவதால், தெருவில் நடப்பவர் கண்ணுக்கு முதலில் படுவது பழைய முகப்புதான்.

வண்டி நிறுத்தும் இடம்தான் இதில் தலைவலி. பரப்புக்கு ஏற்ற வாகன நிறுத்தம் விதிகளில் கட்டாயம். 33 அடி முகப்பில் வண்டி உள்ளே போக வழி ஒதுக்க வேண்டும். நடுவில் பெரிய வாசல் உள்ள வீடுகளில் இது எளிது. வரிசையாகக் கடைக் கதவுகள் உள்ள கட்டடத்தில் ஒரு கடையை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். அதைத் தொடக்கத்திலேயே வரைபடத்தில் தீர்த்துக்கொள்வது நல்லது.

'அதே மாதிரி கட்டித் தருகிறேன்' என்றால் நம்பலாமா?

முழுதும் இடித்துவிட்டுப் பிறகு அதே மாதிரி முகப்பு வைத்துத் தருவதாகச் சில ஒப்பந்தக்காரர்கள் சொல்வார்கள். நம்ப வேண்டாம். பழைய கட்டடங்கள் தெருவின் விளிம்பிலேயே நிற்பவை; திண்ணை முடிந்தால் தெரு. முழுதும் இடித்ததும் அது புதுக் கட்டட விண்ணப்பம் ஆகிவிடும். விதிப்படி முன்பக்கம் இடம் விட்டே ஆக வேண்டும். பழைய சுவர் நின்ற இடத்தில் புதுச் சுவர் நிற்க முடியாது.

ஆகவே விண்ணப்பத்தில் அது எப்படிப் பதிவாகிறது என்பது முக்கியம். "இருக்கும் கட்டடத்தில் ஒரு பகுதியை இடித்து, சேர்த்துக் கட்டுதல்" என்றுதான் போக வேண்டும். வரைபடத்தில் இடிக்கும் பகுதியை மஞ்சளிலும் புதிதாகக் கட்டுவதைச் சிவப்பிலும் காட்டுவது வழக்கம். முன்கட்டின் மேல் மஞ்சள் படாமல் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் உரிமையாளரே பார்க்க வேண்டும். கட்டடம் பழையது என்பதற்குப் பழைய வரி ரசீது, பத்திரம், பழைய வரைபட அனுமதி எது கிடைத்தாலும் கோப்பில் சேர்த்துவிடுங்கள். சாலை விரிவாக்கக் கோடு உங்கள் மனையின் முன்பகுதியைத் தொடுகிறதா என்று உள்ளூர் திட்டக் குழுமத்தில் முதலிலேயே கேட்டுவிடுவதும் அவசியம். அந்தக் கோடு வந்துவிட்டால் வேறு எந்தக் கணக்கும் நிற்காது.

1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே வெளித்தோற்றம் பற்றிய பேச்சு இருக்கிறது. வெளித்தோற்றத்தைப் பெரிதாக மாற்றாத பராமரிப்புக்கும் சீரமைப்புக்கும் திட்ட அனுமதி தேவையில்லை என்கிறது அது. ஓடு மாற்றுவது, பூச்சைச் சரிசெய்வது, ஜன்னலைச் செப்பனிடுவது போன்றவற்றுக்கு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதில்லை. பராமரித்தால் செலவு கூடும், அனுமதிக்கு இழுத்தடிப்பார்கள் என்று பயந்து கட்டடத்தைப் பாழாக விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீடு கட்ட, உரிமையாளரின் உறுதிமொழியை ஏற்று இணையத்தில் உடனே அனுமதி கிடைக்கிறது. நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய வசதி, அதில் சந்தேகமில்லை. ஆனால் கட்டும் முன் மனையை நேரில் வந்து பார்க்கும் கண்கள் குறைகின்றன. அதனால் பாரம்பரியப் பட்டியல் முன்பைவிட இப்போது கூடுதல் அவசரம்.

சுவரைக் காக்கும் முறை

முன்சுவர் தனியாக நிற்பதில்லை. மாடித் தளத்தின் மர உத்தரங்கள் அதில் செருகப்பட்டிருக்கும். உத்தரங்களும் குறுக்குச் சுவர்களும்தான் அதை நேராகப் பிடித்திருக்கின்றன. 20 அடி ஆழத்தை வைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். வெறும் முகத்தை மட்டும் நிறுத்துவதானால், முதலில் இரும்புச் சட்டம் கட்டி இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்த பிறகே பின்னால் கைவைக்க வேண்டும். பிடிமானம் இல்லாத சுவர், பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக் காற்றைத் தாங்காது. ஒட்டிய பகுதியை ஆட்களை வைத்துக் கையால் பிரிக்க வேண்டும், ஜேசிபி கூடாது. முகப்பின் அடியில் வாகனத் தளம் தோண்டும் யோசனையைக் கைவிடுவது நல்லது, பழைய கல் அடித்தளம் அதற்குப் போட்டதல்ல.

அடுத்தது பூச்சு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் உப்புப் பூத்து உதிரும்; சில மழைக்காலங்களில் சிமென்ட் தகடு தகடாகக் கழன்று, கூடவே சுதைப் பூவையும் பிய்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதற்கு ஆகும் நாட்கள் வீண் இல்லை.

பல கடைகளில் முகப்பு இடிக்கப்படவே இல்லை, ஏசிபி எனப்படும் அலுமினிய அலங்காரத் தகட்டுக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. தகட்டைக் கழற்றி, திருகுத் துளைகளைச் சுண்ணாம்பால் அடைத்துவிட்டுப் பெயர்ப்பலகையைக் கதவுக்கு மேலே சிறிதாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது. பழைய கட்டடத்தில் வியாபாரம் நடக்காது என்பதும் சரியல்ல. 1910-இல் தொடங்கிய லட்சுமி மில்லின் பழைய கட்டடங்கள் சிலவற்றில் இன்று கடைகளும் உணவகங்களும் கூட்டத்தோடு இயங்குகின்றன.

உரிமையாளருக்கு அரசு தரக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு. மும்பையில் 1995 முதல் கட்டடங்களை மூன்று தரமாகப் பிரித்து, பாரம்பரிய விதிகளால் கட்ட முடியாமல் போகும் பரப்பை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையை உரிமையாளருக்கு வழங்க விதி செய்திருக்கிறார்கள். கட்டடத்தைக் காப்பதற்கான சுமையை ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் ஏற்றாத முறை அது. கொங்கு நகரங்களுக்கும் அது வேண்டும், கேட்க வேண்டும்.

எங்கே, எப்படி எழுதுவது?

பட்டியலில் சேர்க்கக் கோரும் மனுவைப் பாரம்பரிய ஆணையம், மாவட்ட ஆட்சியர், உள்ளூர் திட்டக் குழுமம், மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையர் ஆகியோருக்குத் தனித்தனியாக விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். கதவு எண், நகர நில அளவை எண், எதிர்ப்புறமிருந்து எடுத்த முழு முகப்பின் படம், கட்டடத்தின் வயதுக்கான சான்று, ஏன் அது காக்கத் தக்கது என்று ஒரு பக்கத்துக்கு மிகாத குறிப்பு ஆகியவை போதும். தனிக் கட்டடத்தைவிட ஒரு தெருவையே பகுதியாகக் கேட்பது வலுவானது. நகரின் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியாகும்போது ஆட்சேபமும் யோசனையும் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தருவார்கள். அந்தக் காலத்தில் எழுதியது கோப்பில் நிற்கும். 2022 முதல் நகரங்களில் வார்டுக்குள் பகுதி பகுதியாக மக்களைக் கூட்டி நடக்கும் பகுதி சபைக் கூட்டத்திலும் தீர்மானமாக வைக்கலாம்.

வேலை தொடங்கிவிட்ட கட்டடம் என்றால், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். அவசரமானால் திட்டக் குழும அலுவலகத்துக்கே நேரில் போங்கள். வரைபடத்தில் முகப்பு நிற்பதாகக் காட்டிவிட்டு இரவோடு இரவாக இடித்திருந்தால் அது விதிமீறல்; 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளின் கீழ் வேலையை நிறுத்தவும் நோட்டீஸ் அனுப்பவும் திட்ட அமைப்புக்கு அதிகாரம் உண்டு. புகாரில் இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு, தேதியிட்ட படங்களை இணைத்து, ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.